பரணுக்குப் போகும் மின்சாரம்

"பிரிஜ்ஜை அணைச்சாச்சு, டிவியை அணைச்சாச்சு, அப்புறமும் எப்படிக் கரண்டு போச்சு..."

"அதை அணைச்சா போதுமா, வார்தே, நீ அந்த ஹீட்டரை..."

"ஹீட்டரை நான் தொட்டு எத்தனை நாளாச்சு? எழுந்து குளிக்கத் தெம்பிருக்கா எனக்கு? நீதான் எதையோ ஓட்டறே, நவூம்."

"நான் என்னத்தை ஓட்டப்போறேன்?"

"அதைத்தான் கேக்கறேன்."

நவூம் படியிறங்கினார். பெய்ரூட்டில் அரசாங்க மின்சாரம் விருந்தாளி மாதிரி. வந்தால் வந்த நேரம். மற்றபடி எல்லாரையும் காப்பாற்றுவது தெருமுனை ஜெனரேட்டர்தான். வீட்டுக்கு ஐந்து ஆம்பியர். அதற்குமேல் கொஞ்சம் இழுத்தாலும் கீழ்த்தளத்துப் பெட்டியில் பொத்தான் விழுந்துவிடும். வீட்டு ஆள்தான் இறங்கிப்போய்த் தூக்கிவிட்டு, மறுபடி நாலு மாடி ஏற வேண்டும்.

மனைவி வார்தே சொன்னது சரிதான். அவர் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்.

குளியலறைக்கு மேலே தொடங்கிப் படுக்கையறை மேல் நீண்ட, பழைய பாயும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும் கிடந்த பரணில், ஒரு கறுப்பு வாளி. வாளி நிறையத் தண்ணீர், மூடியில் ஒரு ஓட்டை, ஓட்டையில் கூழாங்கல் நிரப்பிய சின்னக் கூடை, கூடையில் ஒரு கஞ்சாச் செடி. மண் கிடையாது. நவூம் மண்ணைத் தொட்டு அறியாதவர். முப்பது வருஷத்துக்கும் மேலாக வளர்ப்பு மீன் கடை வைத்திருந்தவர். தண்ணீர் அவருக்குச் சொன்ன பேச்சைக் கேட்கும். கடையை மூடியபோது மிஞ்சிய காற்றுப் பம்பும் குமிழிக் கல்லும் தொட்டிச் செடிகளுக்கான விளக்கும் இப்போது பரணில் வேலைக்குச் சேர்ந்திருந்தன.

ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து வார்தேவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தூக்கமும் இல்லை. இந்தச் செடியின் பூ இருந்தால் இரண்டும் வரும் என்று காத்திருப்பு அறையில் யாரோ சொன்னார்கள். தெருவில் விற்கிற சரக்கில் என்ன கலந்திருப்பார்களோ என்று நவூமுக்குப் பயம். அதனால் விதை வாங்கினார்.

வார்தேயிடம் மட்டும் சொல்ல முடியாது. அவள் தேர் எல் அஹ்மர் என்கிற ஊர்க்காரி. அவள் அப்பாவின் வயலே அந்தச் செடிதான். சின்னப் பெண்களுக்கு அங்கே வேண்டாத செடியைப் பிடுங்கும் வேலை. அவளும் பிடுங்கியிருக்கிறாள். எது வேண்டாத செடி என்று நவூம் இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. கேட்கிற மாதிரிப் பேச்சும் இல்லை. அந்த வயலுக்காகத்தான் அவள் அண்ணன் சிறைக்குப் போய், அங்கேயே செத்தான். இனித் தன் தலைக்கு மேலிருக்கும் கூரைக்குள் அந்த இலை நுழையாது என்று வார்தே அன்றைக்குச் சத்தியம் செய்திருந்தாள்.

இப்போது அது சரியாக அவள் தலைக்கு மேல்தான் இருந்தது. பரணுக்கும் அவள் படுக்கையறைக்கும் நடுவே ஒரு மெல்லிய பலகை.

பொத்தானைத் தூக்கிவிட்டு மூச்சிரைக்க வந்தவரிடம் அவள் மறுபடி ஆரம்பித்தாள்.

"பரண்ல என்ன கொறகொறன்னு சத்தம்?"

"மீன்," என்றார் நவூம்.

"மீனா?"

"குஞ்சு பொரிக்க விட்டிருக்கேன். வெளிச்சம் பட்டா பயந்துடும், நீ பாக்கக் கூடாது."

"நான் எங்கே ஏணி ஏறப்போறேன்," என்று சொல்லிவிட்டு, அவர் தோளில் ஒட்டியிருந்த மஞ்சள் தூளைத் தட்டிவிட்டாள். "கூரை உதிருது போல. பாத்து ஏறு."

விளக்கெரிய ஆம்பியரில் இடம் வேண்டுமென்று பிரிஜ்ஜை நாளெல்லாம் அணைத்து வைத்தார். கோழி கெட்டுப்போனது. கெட்ட நாற்றத்துக்குச் சன்னலைத் திறந்தால் செடியின் வாசம் அடுத்த வீட்டுக்குப் போனது. சன்னலைச் சாத்தினால் வீட்டுக்குள்ளேயே சுற்றியது. மின்சாரம் மாறுகிற இடைவெளியில் பம்பு நின்று வேர் மூச்சு முட்டுமே என்று, பரணில் குப்புறப் படுத்து ஒரு குழாயை வாயில் வைத்துத் தண்ணீருக்குள் ஊதினார். ஊதி ஊதித் தலை சுற்றியது.

ஊதாத நேரம் செடியிடம் பேசினார். கீழே வார்தேயின் கட்டிலருகே உட்கார்ந்தால் அவருக்கு வாயே வராது. அவள் போர்வையின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டு ஊமையாக இருப்பார். மேலே ஏறினால் கொட்டும்.

"நீ சீக்கிரம் பூத்துடணும். நேத்து ரெண்டு கரண்டி தயிர்தான் உள்ள போச்சு. நான்தான் முதல்ல போவேன்னு எல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேன். கேஸ் எப்படி மூடறது, சாவி எங்க இருக்கு, எல்லாம் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல."

கணுக்களில் தொங்கிய குட்டி மொட்டுகள் கொத்துக் கொத்தாகப் பெருகியபோது நவூம் அழுதேவிட்டார். கூடவே வாசமும் ஏறியது. அதை மறைக்க, மாதா கோயிலில் வாங்கிய சாம்பிராணியை ஒரு சனிக்கிழமை காலையில் வீடு முழுக்கப் போட்டார். கையைச் சுருக்கிப் போடத் தெரியாத மனிதர். புகை கதவிடுக்கு வழியாகப் படிக்கட்டில் இறங்கியது. அதே நேரம் பார்த்துக் கோயிலில் யாரோ ஒரு கிழவருக்குச் சாவு மணி அடித்தது.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. நவூம் பரணில். வார்தேயே சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து திறந்தாள்.

எதிர்வீட்டு நஸீரா, பின்னால் இன்னும் மூன்று பெண்கள். நாலு பேரும் கறுப்பில். நஸீரா கையில் சாவு வீட்டில் குடிக்கிற சர்க்கரை போடாத காப்பி, பெரிய பாத்திரத்தில். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வார்தேயைக் கண்டதும் அந்தப் பாத்திரம் ஆடிய ஆட்டத்தில் பாதிக் காப்பி வாசலுக்குப் போயிற்று.

"யாருக்கு?" என்றாள் வார்தே.

"யாருக்கும் இல்ல கண்ணு. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு."

"நாலு பேரும் கறுப்புலயா?"

வார்தே ஒதுங்கி வழிவிட்டாள். "உள்ள வாங்க. வந்ததுக்கு என்னைப் பத்தி நாலு வார்த்தை நல்லதாச் சொல்லிட்டுப் போங்க. அப்புறம் சொன்னா எனக்குக் கேக்காது."

அவர்களும் உட்கார்ந்து சொன்னார்கள். அவள் போடுகிற அத்திப்பழ ஜாம், போர்க் காலத்தில் மாடி முழுக்க அவள் ரொட்டி சுட்டுக் கொடுத்தது, நஸீராவின் மகளுக்குப் பிரசவம் பார்த்தது. சொல்லச் சொல்ல நாலு பேரும் நிஜமாகவே அழுதார்கள். வார்தே கேட்டுக்கொண்டே இருந்தாள். பரணிலிருந்து தலைநீட்டிய நவூமிடம் சர்க்கரை டப்பாவை எடுத்துவரச் சொன்னாள்.

"கசப்புக் காப்பிக்கு இன்னும் நேரம் வரல. போட்டுக் குடிக்கலாம்."

அரைக் கோப்பை குடித்தாள். அதைப் பார்த்த நவூம், இன்னும் ஒரு வாரம் போதும், ஒரே வாரம், என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

அன்று மத்தியானமே ஜெனரேட்டர்க்காரன் தானியோஸ் படிக்கட்டில் நின்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனான். டீசல் வரவில்லை. நாளையிலிருந்து பகலில் ஜெனரேட்டர் ஓடாது, ராத்திரி மட்டும்தான்.

நவூம் அவன் பின்னாலேயே கீழ்த்தளம்வரை இறங்கினார். பெட்டி முன்னால் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ஜெனரேட்டர் நின்றாலும் அவன் கடையில் பெரிய பேட்டரி இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதிலிருந்து ஒரு ஒயர், ஒரு விளக்கு, ஒரு பம்பு.

"என்ன விளக்குன்னு கேக்காதே, தம்பி. மேல ஒரு செடி வச்சிருக்கேன், மருந்துச் செடி. பூ வந்தாச்சு. ஒரு வாரம் தாங்கினா அவ சாப்பிடுவா, தூங்குவா. உங்க அத்தைக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா மனசு விட்டுடும் அவளுக்கு."

தானியோஸ் பெட்டிக் கதவைத் திறந்து காட்டினான். நவூம் வீட்டுப் பொத்தானுக்குப் பக்கத்திலிருந்து, புதிதாக ஒரு சிவப்பு ஒயர் ஏற்கெனவே அவன் கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"காலையில துக்கத்துக்கு வந்தவங்க டீசல் இல்லேன்னு சொல்லிட்டுப் போனதும் அத்தை பால்கனியிலேர்ந்து என்னைக் கூப்பிட்டாங்க, மாமா. அது ஆண் செடியாம், சின்ன வயசுல அவங்க வயல்ல பிடுங்கிப் போட்டது அதைத்தானாம், மருந்துக்கு ஆகாதாம், உங்க தோள்ல மஞ்சத் தூளைப் பாத்த அன்னைக்கே தெரியுமாம். ஆனா பரணுக்குக் கரண்டை மட்டும் நிறுத்திடாதே தானியோஸ், அந்த மனுஷன் அங்க ஏறினாத்தான் என்கிட்ட பேசறாருன்னு சொன்னாங்க."