வீட்டு டீக்கு ஒரு சான்றிதழ்

நாட்டு மக்கள் வீட்டில் குடிக்கும் டீ சரியில்லை என்று அரசாங்கம் ஒரு நாள் கண்டுபிடித்தது. எப்படிக் கண்டுபிடித்தது என்று யாரும் கேட்கவில்லை. படித்தவர்கள் நடுவே டீயை ஆராயும் நோய் முன்பே பரவியிருந்தது. டீத்தூளைக் கொதிக்க விடக் கூடாதாம், அதற்கு மூச்சு முட்டுமாம். தண்ணீரின் சூட்டை வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டுமாம். குடிப்பதற்கு முன் ஒரு தரம் மோந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமாம். அப்படிக் கண்ணை மூடியவர்களில் ஒருவர் ஒரு பெரிய அதிகாரிக்குச் சம்பந்தி. ஆகவே ‘இல்லத் தேநீர் மேம்பாட்டுத் துறை’ பிறந்தது. இனி வீட்டில் டீ போடத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாத வீட்டுக்குக் கடையில் ஒரு சிட்டிகை டீத்தூள்கூடக் கிடையாது.

டிரைவர் இதற்கெல்லாம் அசரவில்லை. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வழியில் குடித்த மட்டமான டீ எல்லாம் சேர்ந்து அவருக்கு நல்ல டீ போடக் கற்றுக்கொடுத்திருந்தது. ஏற்கெனவே காய்ச்சி ஆறின தண்ணீரைத் தொட மாட்டார், புதுத் தண்ணீர்தான். தளதளவென்று கொதி வந்ததும் அடுப்பை அணைத்துத் தூளைப் போட்டு ஒரு தட்டால் மூடுவார். நூற்றெண்பது எண்ணுவார். எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் கெட்ட கோபம் வரும். பிறகு வடிகட்டி, தனியாகக் காய்ச்சிய பாலைச் சேர்ப்பார்.

அவர் மனைவிக்கு மூட்டுவலி. அந்த முதல் தம்ளர் உள்ளே போனால்தான் கட்டிலை விட்டு எழுந்திருப்பார். மற்ற எந்த விஷயத்திலும் டிரைவருக்கு வீட்டில் நல்ல பெயர் கிடையாது. குடும்பம் ஓடியது அந்த ஒரு தம்ளரில்தான்.

குறித்த நாளில் தோல்பையோடு ஆய்வு அதிகாரி வந்தார். தண்ணீரின் சூட்டை அளந்தார். கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். டீயின் நிறத்தை ஓர் அட்டையோடு ஒப்பிட்டார்.

“பிரமாதம். எல்லாம் விதிப்படி இருக்கு.”

“ஒரு வாய் குடிச்சுப் பாருங்க சார்.”

அதிகாரி இரண்டு அடி பின்னால் போனார். “மனுதாரர் வீட்டுல வாயை நனைச்சா அது லஞ்சம்.”

“அப்ப ருசியை எப்படிப் பார்ப்பீங்க?”

“குடிக்கிறவங்க மூஞ்சியைப் பார்ப்போம்.” படிவத்தை விரித்துக் காட்டினார். கலம் பதினேழு: ‘பருகுவோரின் முகமலர்ச்சி – உண்டு / இல்லை.’

மனைவி முன்னால் வந்தார். “கொடுங்க, நான் குடிக்கிறேன். இருபத்தெட்டு வருஷமா நான்தானே குடிக்கிறேன்.”

“நீங்க சம்சாரம்மா. பாதிக்கப்பட்ட தரப்பு. உங்க சாட்சி செல்லாது. பக்கத்து வீட்டுக்காரர் குடிக்கணும், அதுதான் விதி.”

டிரைவரின் முகம் சுண்டிப்போனது. பக்கத்து வீட்டுக்காரர் தையல்காரர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் டிரைவருக்கு ஒரு காக்கிச் சட்டையும் பேன்ட்டும் தைத்தார். பேன்ட்டில் ஒரு கால் ஓர் அங்குலம் குட்டை. கேட்டதற்கு, “பேன்ட் சரிதான், உங்க கால்தான் ஒண்ணு நீளம்” என்றார். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது.

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நாற்காலியில் அமர்ந்தார். ஒரு வாய் குடித்தார். புருவம் தானாக மேலே ஏறியது. அதை இழுத்துப் பிடித்துக் கீழே இறக்கினார். உதடு விரியப் பார்த்தது. பல்லால் கடித்து நிறுத்தினார். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்தும் பார்த்தார்.

“எப்படி இருக்கு?” என்றார் அதிகாரி.

“வெந்நீர் நல்லா சூடா இருக்கு.”

“மலர்ச்சி?”

“பல்வலி சார். ஒரு மாசமா எனக்கு எதுலயும் மலர்ச்சி இல்ல.”

அதிகாரி ‘இல்லை’ என்று எழுதினார்.

“இன்னொரு தம்ளர் கிடைக்குமா?” என்றார் தையல்காரர். “சாட்சி சொல்றதுன்னா உறுதிப்படுத்திக்கணும் பாருங்க.”

மறுநாள் தையல்காரர் வீட்டு ஆய்வு. சாட்சி டிரைவர். தையல்காரர் இஞ்சியைத் தட்டிப் போட்டு, தன் மனைவிக்குத் தினம் கொடுப்பதுபோலவே டீ போட்டிருந்தார். நல்ல டீதான். டிரைவர் மனத்துக்குள் ஒப்புக்கொண்டார். மனத்துக்குள் ஒப்புக்கொள்வதற்குப் படிவத்தில் கலம் இல்லை. ஓடி வரும் பயணியைக் கண்ணாடியில் பார்த்தும் பார்க்காததுபோல வண்டியை எடுக்கும் ஒரு முகம் அவரிடம் இருந்தது. அதை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“டிரைவரே, மனசாட்சியோட சொல்லுங்க!” என்றார் தையல்காரர்.

“எனக்கு ஒரு கால்தான் நீளம். நாக்கு சரியாத்தான் இருக்கு.”

அந்தத் தெருவில் நாற்பத்திரண்டு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கத்து வீடு இருந்தது. நாற்பத்திரண்டும் தேறவில்லை. ‘இத்தெருவாசிகளுக்குத் தேநீர் பற்றிய அடிப்படை அறிவு அறவே இல்லை என்பது ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது’ என்று துறை அறிக்கை விட்டது. மக்கள் நலன் கருதித் தெருமுனையில் பொதுக் கொதிகலன் ஒன்று நிறுவப்பட்டது. காலை ஆறு மணிக்குக் குவளையோடு வரிசையில் நிற்க வேண்டும். கையெழுத்துப் போட்டால் ஒரு குவளை. தூள் நேற்றையது, தண்ணீர் முந்தாநாளையது. மோந்து பார்க்கத் தெரிந்தவர்கள் அதையும் மோந்து, கண்ணை மூடி, “தகரத்தோட மெல்லிய வாசம் வருது, கவனிச்சீங்களா?” என்றார்கள்.

டிரைவரின் மனைவி ஒரே ஒரு வாய் வைத்தார். “இதுல துணி ஊறப்போடலாம்” என்று குவளையைத் தள்ளினார். மூன்று நாள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. நான்காம் நாள் தீர்மானமாகச் சொன்னார்.

“ஏங்க, இன்னிக்கு ஆபீசுக்குப் போய் இதுக்கு ஒரு வழி பண்ணிட்டு வாங்க. இல்லன்னா சாயங்காலம் பஸ்ஸுக்கு எங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பிடுவேன். அவ ஊருக்கு இன்னும் அதிகாரி வரலையாம்.”

“போனா எப்ப வருவே?”

“நீங்க நல்ல டீ போடுறப்ப.”

டிரைவர் பதறிப்போய்த் துறை அலுவலகத்துக்கு ஓடினார். மூன்றாம் எண் ஜன்னலில் இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். முழுசாகக் கேட்டுவிட்டு ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார்.

“இது ரொம்பச் சுலபம் சார். நீங்களும் பக்கத்து வீட்டுக்காரரும் இதுல ஒண்ணாக் கையெழுத்துப் போடணும். ‘அன்று எனக்கு மலர்ச்சி இருந்தது’ன்னு ரெண்டு பேரும் எழுதினாப் போதும். நாளைக்கே ரெண்டு வீட்டுக்கும் சான்றிதழ்.”

“ரெண்டு வீட்டுக்குமா?”

“ரெண்டுக்கும்.”

டிரைவர் பேனாவைத் திறந்தார். மனைவியின் முகம் கண்முன் வந்தது. உடனே, இஞ்சி டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று சிரிக்கும் தையல்காரரின் முகமும் வந்தது. பேனாவை மூடினார்.

“தம்பி, ஒரு சந்தேகம். நான் இதுல கையெழுத்துப் போடலைன்னா அவருக்குக் கிடைக்காதா?”

“கிடைக்காது சார்.”

“வேற வழியில, சிபாரிசு கிபாரிசு பிடிச்சு?”

“எந்த வழியிலும் கிடைக்காது. அரசாணை.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.” குமாஸ்தா சிரித்தார். “பத்து நிமிஷம் முன்னாடி அவரும் இதையேதான் கேட்டுட்டுப் போனார். உங்க தெருவுல நீங்க நாற்பத்திரண்டாவது ஆள்.”

“அப்ப யாருமே கையெழுத்துப் போடலையா?”

“அச்சடிச்சு வந்த கட்டு அப்படியே இருக்கு, பாருங்க.”

டிரைவர் பார்த்தார். அரசாங்கச் சொத்து வீணாகக் கூடாது என்று தன் படிவத்தையும் கசங்காமல் அந்தக் கட்டின் மேல் வைத்தார். பிறகு, மனைவிக்குப் பெட்டி கட்ட உதவி செய்ய வீட்டுக்குக் கிளம்பினார்.