சம்பந்திக்குப் பழைய டீ

“இதை யாரு ஃபிரிட்ஜ்ல வெச்சது?” என்று மாக் கேட்டார். கேட்டாரே தவிர, அந்த வீட்டில் அப்படிச் செய்யக்கூடியவர் ஒருவர்தான் என்பது அவருக்கும் தெரியும்.

“நான்தான் வெச்சேன்,” என்றாள் மனைவி லாய்ஃபன். “ஈரச் சாக்கு மாதிரி நாத்தம். இன்னும் கெட்டுப் போயிடக் கூடாதேன்னு வெச்சேன்.”

“அது கெட்டுப் போகலைடி. இருபது வருஷப் பழசு. அந்த நாத்தத்துக்குத்தான் காசே.”

“நாத்தத்துக்கா இவ்ளோ காசு குடுத்தீங்க?”

மாக், இலையை அழுத்திச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் செய்திருந்த அந்த டீ கட்டியை முகர்ந்து பார்த்தார். ராத்திரி முழுக்க அது உப்புக் கருவாட்டுப் பொட்டலத்தோடு ஒட்டிப் படுத்திருக்கிறது. இருபது வருஷமாகச் சேர்த்து வைத்த மணம் ஒரே ராத்திரியில் கருவாட்டிடம் தோற்றுப் போயிருந்தது.

குவாங்சௌவில் பிறந்து வளர்ந்தும் மாக் டீ குடிக்க மாட்டார். ஊரே விடிந்ததும் விடியாததுமாக டீக்கடைக்கு ஓடும்போது, அவர் வீட்டில் வெந்நீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருப்பார். டீ வாசனையே அவருக்கு ஆகாது. அந்த ஊரில் இதை வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா? சொன்னதில்லை.

மகள் யீலாமுக்கு இடம் அமைந்ததுதான் வினையாகப் போயிற்று. பையன் ஹோசிங் தங்கமான பிள்ளை. ஆனால் அப்பா தலையாட்டாமல் ஒரு சட்டைகூட வாங்க மாட்டான். அந்த அப்பா, எலும்பு முறிவு வைத்தியர் லுங், இன்றைக்கு மூன்று மணிக்கு மனைவியோடு சம்பந்தம் பேச வருகிறார். ஷென்ஜெனில் வேலை பார்க்கும் பையன் ராத்திரி விருந்துக்குத்தான் வந்து சேருவான்.

“அவங்க வீட்ல ஒரு ரூம் முழுக்க டீ கட்டியாம்ப்பா,” என்று யீலாம் போன வாரம் சொல்லியிருந்தாள். “மாசம் பொறந்தா முதல் ஞாயித்துக்கிழமை பையைத் தூக்கிட்டு டீச் சந்தைக்குக் கிளம்பிடுவாராம்.”

அன்றைக்குப் போனது மாக்கின் தூக்கம். அவ்வளவு பெரிய டீப் பைத்தியத்துக்கு வெந்நீரை நீட்டினால் பெண்ணின் கல்யாணம் என்னாவது? சந்தைக்கு ஓடினார்.

“உங்களுக்கா, பரிசு குடுக்கவா?” என்று கடைக்காரி கேட்டாள்.

“சம்பந்தி வராரு.”

“அப்போ விலையைப் பார்க்கக் கூடாது,” என்று சொல்லிவிட்டு, விலையைக் கண்கொண்டு பார்க்க முடியாத ஒன்றை எடுத்து நீட்டினாள்.

அதுதான் இப்போது கருவாடாக மணந்துகொண்டிருந்தது.

“லேசா சூடு காட்டினா வாடை போயிடும்,” என்றாள் லாய்ஃபன். தன் தப்பைத் தானே சரி செய்துவிடும் அவசரம் அவளுக்கு. கட்டியை வாணலியில் போட்டு இரண்டு பக்கமும் புரட்டினாள். கருவாட்டு வாடை கொஞ்சம் அடங்கியது. நேற்று அதே வாணலியில் வதக்கிய பூண்டு வாடை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

“ஐயோ அம்மா, டீ எந்த வாசனையையும் உறிஞ்சிக்கும்,” என்றாள் யீலாம்.

“இதை நேத்தே சொல்றதுக்கென்ன?” என்று மாக் அவள்மேல் பாய்ந்தார். பூண்டை மறைக்க, காய்ந்த ஆரஞ்சுத் தோலில் ஒரு கை அள்ளி டீச்சட்டியில் போட்டார். பிறகு கட்டியை உடைக்க உட்கார்ந்தார். அதற்கென்றே கடைக்காரி கொடுத்த ஊசி, கட்டியை விட்டுவிட்டு அவர் கட்டைவிரலில் இறங்கியது. பொறுமை போய்ச் சுத்தியலை எடுத்தார். ஒரே போடு. டீ தூளாகி அடுப்படியெங்கும் பறந்தது. வாசலில் மணி அடித்தது.

லுங் வைத்தியர் மல்லன் மாதிரி இருந்தார். நாற்காலி முனங்கியது. அவர் மனைவி நறுவிசாக உட்கார்ந்து, தர்ப்பூசணி விதைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கொறிக்கத் தொடங்கினாள்.

அடுப்படியில் கூட்டி அள்ளிய தூளில் போட்ட டீயை மாக் சின்னக் கோப்பைகளில் ஊற்றினார். சோயா சாஸ் நிறத்தில் விழுந்தது.

“அப்பா, முதல் தண்ணி இலையைக் கழுவத்தான், கீழ ஊத்தணும்,” என்று யீலாம் காதில் கிசுகிசுத்தாள்.

அதற்குள் வைத்தியர் கோப்பையைத் தூக்கிவிட்டார். கண்ணை மூடினார். ஒரே மடக்கு.

“இந்த மாதிரி டீ,” என்றார் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “என் வாழ்நாள்ல குடிச்சதில்ல.”

மாக்குக்குப் போன உயிர் திரும்பியது. வந்தவரின் கோப்பை காலியாக இருந்தால் வீட்டுக்காரருக்குத்தான் கேவலம். உடனே நிரப்பினார். வைத்தியர் மேசையில் இரண்டு விரலால் தட்டி நன்றி சொல்லிவிட்டு, அதையும் ஒரே மடக்கில் தீர்த்தார். மாக் மறுபடி நிரப்பினார். அவர் மறுபடி தீர்த்தார்.

விருந்தாளி குடிக்கும்போது வீட்டுக்காரர் சும்மா உட்கார முடியுமா? மாக்கும் கூடவே குடிக்க வேண்டியிருந்தது. கருவாடும் பூண்டும் ஆரஞ்சும் அவர் வயிற்றுக்குள் சண்டை போட்டன. மனுஷனா இவன், ஒட்டகமா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே சிரித்த முகமாக ஊற்றினார்.

“கெட்டில்ல தண்ணி தீர்ந்துடுச்சு போல, சம்பந்தி?” என்று வைத்தியர் எட்டிப் பார்த்தார்.

கேட்டு வாங்கிக் குடிக்கிறாரே என்று மாக் நொந்துபோனார். “லாய்ஃபன், இன்னொரு கெட்டில் கொண்டா.”

வைத்தியரின் நெற்றியில் வியர்வை அரும்பியது. “கல்யாணப் பேச்சை முடிச்சுடலாமே,” என்றார். “வர்ற வசந்தத்துல வெச்சுக்கலாம். மண்டபம் உங்க இஷ்டம். பொண்ணுக்கு நாங்க தர்ற சீர் நீங்க எவ்வளவு கேட்டாலும் சரி. எனக்குப் பூரண சம்மதம். கிளம்பலாமா?”

இவ்வளவு சுலபமாக முடியும் என்று மாக் கனவிலும் நினைக்கவில்லை. எல்லாம் அந்த டீ செய்த வேலை. சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்ணுக்காக இன்னும் எத்தனை கோப்பை வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று தோன்றியது. வாய் தானாக உளறியது.

“சம்பந்தி, இனிமே மாசாமாசம் நானும் உங்ககூட டீச் சந்தைக்கு வரேன்.”

வைத்தியரின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

தன் கோப்பையைத் தொட்டுக்கூடப் பார்க்காத அவர் மனைவி, விதைத்தோலைத் தட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“தாராளமா வாங்கண்ணா, பை தூக்க ஆளில்லாம கஷ்டப்படறாரு, நோயாளிங்க குடுக்கற டீ கட்டியை எல்லாம் மாசாமாசம் அங்க கொண்டுபோய்த்தானே வித்துட்டு வராரு, எங்க வீட்ல யாரு டீ குடிக்கறா, நாங்க வெறும் வெந்நீர்தான்.”