எம்.பி.க்குப் போர்த்திய சால்வையும் பொம்மனஹள்ளி போர்வெல்லும்

உலகத்தைத் திருத்தக் கிளம்புகிறவன், கிளம்பும் முன் தன் அடையாள அட்டையை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. நான் பார்க்கவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதி. பொம்மனஹள்ளியில் குடியிருந்தேன். ரிச்சர்ட்ஸ் டவுன் ஜோசப் அண்ணன் வீட்டில் நாங்கள் நாலைந்து பேர் ஞாயிறுதோறும் கூடி உலக நடப்பை அலசுவோம். (உலகத்துக்கு இது தெரியாது.) நம் நாடு பிற நாடுகளுக்குத் தரும் உதவியில் ஆயுதத்துக்குப் போவதைக் குறைத்து, மருந்துக்கும் அரிசிக்கும் கூட்ட வேண்டும், இதை எங்கள் எம்.பி. நாடாளுமன்றத்தில் பேச வேண்டும் என்று ஒரு ஞாயிறு முடிவானது. மனு எழுதும் வேலை எனக்கு. எந்தப் போர் எந்தத் தேதியில் தொடங்கியது, எந்த ஒப்பந்தம் எந்தத் தேதியில் முறிந்தது என்று நூலகத்திலேயே கிடந்து பக்கம் பக்கமாக எழுதினேன்.

எம்.பி. வீட்டில் காலையிலேயே கூட்டம். உதவியாளர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"சால்வை எங்க சார்? வெறுங்கையோட வந்து எம்.பி.யப் பாக்கறதா? எதிர்க் கடைல வாங்கினு வாங்க. ஸ்வல்ப பெரிசா இருக்கட்டும். எந்த ஏரியா நீங்க?"

"பொம்மனஹள்ளி" என்றேன்.

சால்வை வந்தது. நான்தான் போர்த்தினேன். பளிச்சென்று ஒரு வெளிச்சம். ஜோசப் அண்ணன், "சார், வெளிநாட்டு ராணுவ உதவி..." என்று தொடங்கினார். எம்.பி. அவர் தோளைத் தட்டி, "மாடோணா, மாடோணா" (செய்துவிடலாம்) என்றபடி அடுத்த சால்வைக்குக் கழுத்தை நீட்டிவிட்டார். மனு பழத்தட்டுக்கு அடியில் போயிற்று.

"போட்டோ எதுக்குங்க?" என்று உதவியாளரைக் கேட்டேன்.

"நாளைக்கு பேப்பர்ல வரும் சார்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வேலை பார்ப்பது ராணுவத்துக்குத் தளவாடம் செய்யும் அரசுத் தொழிற்சாலையில். அரசியல்வாதிகளிடம் மனுவோடு போனாலே விளக்கம் கேட்பார்கள். நான் போனதோ ஆயுதச் செலவைக் குறைக்கச் சொல்லி! இத்தனை தேதிகளைச் சரிபார்த்தவன், அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாக வேண்டிய தேதியை மட்டும் மறந்திருந்தேன்.

"அண்ணே, நான் எந்த ஃபேக்டரின்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்டா. எழுதினவனுக்குத் தெரியலையே!"

மறுநாள் பேப்பர் வாங்கத் தைரியம் வரவில்லை. வேலைக்குப் போன கையோடு மேலதிகாரி அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் கன்னடப் பேப்பர். அதில் சால்வையும் கையுமாக, பல்லெல்லாம் தெரிய நான்.

"இது நீவுதானே?"

"ஆமா சார். அது வந்து... தனிப்பட்ட கருத்து சார். இனிமே கருத்தே வெச்சுக்க மாட்டேன் சார்."

"என்னப்பா ஒளர்றே? நல்ல விஷயம்தானே?" என்றவர், படத்தின் கீழிருந்த கன்னட வரியைப் படித்துத் தமிழில் சொன்னார். "போர்வெல் போட்டுக் கொடுத்த எம்.பி.க்கு பொம்மனஹள்ளி ஜனங்களோட நன்றி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்க லேஅவுட்லயும் தண்ணி கஷ்டம்ப்பா. அவர்கிட்ட ஒரு மாத்து, ஒரே ஒரு வார்த்தை சொல்லேன்."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் அவர் காலிலேயே விழுந்திருப்பேன். உலக அமைதி போனால் போகட்டும், என் வேலை இருந்தது. அடுத்த மாதம் நிரந்தரமும் ஆனது.

எங்கள் தெருவில் போர்வெல் எதுவும் போடப்படவில்லை என்பதுதான் சிக்கல். அன்று மாலையே குடமும் இடுப்புமாக நாலு பெண்கள் வாசலில்.

"ஏன் சார், சால்வை போத்தி நன்றி சொல்ற அளவுக்கு எங்க தண்ணி கொட்டுது? எங்களுக்கும் காட்டுங்க, நாலு கொடம் புடிச்சினு போறோம்!"

மனு பேசப்படவே இல்லை. என் கருத்தும் மாறவில்லை. இன்றும் டி.வி.யில் ஏதோ ஒரு நாட்டுக்கு ஆயுத உதவி என்று செய்தி வந்தால் எனக்குப் பொறுக்காது. "இந்தப் பணத்துக்கு எவ்வளவு மருந்து அனுப்பலாம் தெரியுமா?" என்று ஆரம்பிப்பேன். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்ப்பாள்.

"அதிருக்கட்டும், எத்தனை அடியில தண்ணி வந்துது?"