பக்தவத்சலம் பார்த்த வீடு

பலகை கையோடு வந்துவிட்டது.

பக்தவத்சலம் அதைப் பிடுங்கவே இல்லை. சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், விரலால் லேசாக ஓர் அழுத்து அழுத்தினார். அவ்வளவுதான். ஆளுயரப் பலகை துருப்பிடித்த ஆணிகளை உதறிவிட்டு அவர் மார்பில் சாய்ந்தது. மரச் சுவரில் விழுந்த சந்து வழியாகப் பக்கத்து வீட்டு ஆடு எட்டிப் பார்த்தது.

"கழண்டுடுச்சுங்க..." என்றார், பலகையைக் கட்டிப் பிடித்தபடியே.

"அதனால என்ன சார்!" என்றார் வீட்டுக்காரர் ராஜமாணிக்கம். "அப்படி ஓரமாச் சாத்தி வைங்க. நீங்க கூச்சப்படாம நல்லாப் பாருங்க."

போர்ட் பிளேரில் அந்த நாளில் தமிழர்கள் யார் வீடு வாங்கினாலும், முதலில் பக்தவத்சலத்தைத்தான் கூப்பிடுவார்கள். மராமத்து இலாகாவில் ஓவர்சியர். ஞாயிற்றுக்கிழமைகளில் சுத்தியலும் குத்தூசியுமாகப் போய், தூணைத் தட்டி, தரையைக் குத்தி, கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, 'வாங்கலாம்' அல்லது 'வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் சொல்வார். அந்த ஒரு வார்த்தைக்கு ஊரில் நல்ல மதிப்பு இருந்தது, போன மழைக்காலம் வரைக்கும்.

போன மழைக்கு முன்னால் அவர் 'வாங்கலாம்' என்று சொன்ன வீட்டில், முதல் மழைக்கே அடுப்பு மிதந்தது. வீட்டை வாங்கியது அவர் கொழுந்தியாள் சந்திரமதி. அன்றிலிருந்து வீட்டில் மனைவி அலமு அவருக்குச் சோறு போடும்போதெல்லாம், "பாத்து உக்காருங்க, தரை நல்லா இருக்கான்னு தட்டிப் பாத்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டாள்.

ஆகவே இந்த முறை ஒரு பலகையையும் விடுவதில்லை என்ற வைராக்கியத்தோடு வந்திருந்தார்.

அனுப்பியது நஜிமுதீன். அபர்தீன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவர் மனைவி மஸூதா பிள்ளைகளோடு அடுத்த மெட்ராஸ் கப்பலில் வருகிறாள். இத்தனை நாள் கடைக்குள்ளேயே துணி மூட்டைகளுக்கு நடுவில் படுத்துத் தூங்கியவருக்கு இப்போது அவசரமாக ஒரு வீடு வேண்டும். டிலானிப்பூரில் இருக்கும் ராஜமாணிக்கம் வேலையை விட்டுவிட்டு மெயின்லேண்டுக்கே திரும்பப்போகிறார், வீட்டை விற்றாலும் விற்பார் என்று பொங்கலுக்கு முன்னால் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"நீங்க போய்ப் பாருங்க சார், மால் எடுத்துட்டு நான் பின்னாடியே வந்துடறேன்," என்று சொல்லி அனுப்பியிருந்தார் நஜிமுதீன்.

"மரம் எப்படி சார்?" என்று ராஜமாணிக்கம் ஆவலாகக் கேட்டார்.

"மரமா? அசல் படாக்கு. இரும்பு மாதிரி இருக்கு. உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும். ஆணிதான் உப்புக் காத்துல செத்துப்போச்சு."

"அப்பாடா!" என்றார் ராஜமாணிக்கம். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பக்தவத்சலத்துக்கு மனசு உறுத்தியது. அடுத்தவர் வீட்டுச் சுவரைத் திறந்துபோட்டுவிட்டுப் போவது எப்படி? பலகையைத் திரும்ப வைத்து அடிக்கப் பார்த்தார். முதல் அடியில் ஆணி வளைந்தது. இரண்டாவது அடியில் பக்கத்துப் பலகை விழுந்தது. மூன்றாவது அடிக்கு, அறைக்கு அந்தப் பக்கம் இருந்த ஜன்னல், சட்டத்தோடு முற்றத்தில் போய் உட்கார்ந்தது.

"ஐயோ!"

"கோயி பாத் நஹி சார், பரவாயில்லை," என்றார் ராஜமாணிக்கம். "கண்ணாடி உடையலையே? ஜெயலட்சுமி, சாருக்கு டீ கொண்டா!"

அவர் மனைவி ஜெயலட்சுமி டீயோடு வந்தாள். ஜன்னல் இருந்த இடத்தைப் பார்த்தாள். "சக்கரை போதுங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

இதே காரியத்தைத் தன் வீட்டில் செய்திருந்தால் அலமு என்ன பேசியிருப்பாள் என்று பக்தவத்சலம் நினைத்துப் பார்த்தார்.

ஜன்னல் போனதும் அதன் மேல் விட்டம் தொங்க ஆரம்பித்தது. அதற்கு முட்டுக்கொடுக்க ஒரு கட்டை வேண்டியிருந்தது. உள்ளறைத் தடுப்பில் ஒன்று தோதாகத் தெரிந்தது. அதை உருவினார். தடுப்பு மடங்கி, படுக்கை விரித்த மாதிரி தரையில் படுத்துக்கொண்டது.

"சார், கடப்பாரை இருக்கு, வேணுங்களா?" என்றார் ராஜமாணிக்கம் அக்கறையாக.

"வேண்டாங்க! நான் கையால தொட்டதுக்கே இந்தக் கதி!"

"இல்ல சார், கூரையை இன்னும் பாக்கலையேன்னு..."

கூரை. சந்திரமதி வீட்டு அடுப்பு ஞாபகம் வந்தது. எது விழுந்தாலும் கூரையைப் பார்க்காமல் போவதில்லை. பக்தவத்சலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். தகரத்துக்கு அடியில் ஒழுகல் தடம் இருக்கிறதா என்று பார்க்க ஓரத் தகட்டைச் சற்றே தூக்கினார். கொக்கி பொடிப்பொடியாக உதிர்ந்தது. தகடு சறுக்கிக்கொண்டு கிளம்பியது. அதன் மேல் ஏறியிருந்த அடுத்த தகடும் அதன் பின்னாலேயே போயிற்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. பள்ளிக்கூடம் விட்ட மாதிரி வரிசையாகக் கீழே இறங்கின. சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"நீங்க பத்திரமா இருக்கீங்களா சார்?" கீழிருந்து ராஜமாணிக்கத்தின் குரல் கேட்டது.

"இருக்கேங்க. கூரைதான் இல்லை."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும். அந்தக் கோடியில இன்னும் மூணு தகடு இருக்கே, அதையும் பாத்துடுங்க."

என்ன மனுஷன் இவர் என்று பக்தவத்சலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரத்தில்தான் நஜிமுதீன் வந்து சேர்ந்தார். வாசலில் நின்று வீட்டைப் பார்த்தார். வீட்டின் ஊடே அந்தப்பக்கத்துத் தெருவும் தெரிந்தது.

"யா அல்லா! சார், வீட்டைப் பாத்துட்டு வரச் சொன்னா வீடு எங்கே சார்?"

"பாய், கத்தாதீங்க. அந்தத் தூணைப் பிடிங்க முதல்ல!"

நஜிமுதீன் தூணைப் பிடித்தார். தூண் அவரைப் பிடித்துக்கொண்டது. முன் வராந்தா முழுவதும் ஒரு பக்கமாக ஒருக்களித்தது. விட்டால் தூணோடு எல்லாம் வரும். விடாமலே நின்றால் கப்பல் வந்து மஸூதா இறங்கும்போதும் இங்கேயேதான் நிற்க வேண்டும்.

"ஒரே வழிதான்," என்றார் பக்தவத்சலம். இப்போது அவருக்குள் இருந்த ஓவர்சியர் விழித்துக்கொண்டார். "இப்படியே விட்டா விழுந்து மரமெல்லாம் பிளந்துடும். நாமளே முறையா இறக்கிடணும். எது எங்கே இருந்ததுன்னு சாக்பீஸால அடையாளம் போட்டு அடுக்கிட்டா, அப்படியே திரும்பப் பூட்டிடலாம்."

"நீங்க எது செஞ்சாலும் சரியா இருக்கும் சார்," என்றார் ராஜமாணிக்கம்.

நஜிமுதீன் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார். ஜவுளி மூட்டை தூக்கிப் பழகிய தோள். இருவருமாக விட்டத்தை இறக்கினார்கள், தூண்களைப் பெயர்த்தார்கள், பலகைகளை அடுக்கினார்கள். பக்தவத்சலம் ஒவ்வொன்றிலும் அடையாளம் எழுதினார். வளைந்த ஆணிகளைக்கூடப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டார். மத்தியானம் மாமர நிழலில் ஜெயலட்சுமி சுடச்சுடச் சோறும் சூரை மீன் குழம்பும் போட்டாள்.

"எங்களால உங்க வீடே போயிடுச்சு. நீங்க எங்களுக்குச் சோறு போடறீங்களேம்மா," என்றார் நஜிமுதீன் குரல் தழுதழுக்க.

"வேலை செய்யறவங்க வயித்தைக் காயப்போடலாமாண்ணே? இன்னொரு துண்டு வெச்சுக்குங்க."

சாயங்காலத்துக்குள் வீடு இருந்த இடத்தில் அடித்தளக் கற்கள் மட்டும் இருந்தன. மரமும் தகரமும் வேலியோரம் பாங்காக அடுக்கப்பட்டிருந்தன. பாத்திர பண்டங்களை மட்டும் ஜெயலட்சுமி எப்போதோ மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

பக்தவத்சலம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ராஜமாணிக்கத்தின் முன்னால் வந்து நின்றார். அவரது இத்தனை வருஷ உத்தியோகத்தில் யார் முன்னாலும் இப்படிக் கைகட்டி நின்றதில்லை.

"ஐயா, நான் செஞ்சது பெரிய தப்பு. நீங்க ஒரு கோபவார்த்தை பேசலை. அதுதான் என்னைக் கொல்லுது. இந்த வீட்டை நானே திரும்பப் பூட்டித் தர்றேன். எப்ப சொன்னாலும் வர்றேன், எங்கே சொன்னாலும் வர்றேன். ஒரு பலகை மாறாது. இது சத்தியம்."

"நானும் வர்றேன்," என்றார் நஜிமுதீன். அவருக்கும் மனசு கேட்கவில்லை. "நான் வாங்கறேனோ இல்லையோ, உங்க வீட்டை நிறுத்திக் குடுத்துட்டுத்தான் மறுவேலை."

ராஜமாணிக்கம் இருவர் கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"சத்தியம் பண்ணிட்டீங்க. பேச்சு மாறமாட்டீங்களே?"

"மாறமாட்டோம்!"

தெருமுனையில் ஹாரன் கேட்டது. லாரி ஒன்று பின்பக்கமாகவே வந்து, அடுக்கி வைத்த பலகைகளுக்குப் பக்கத்தில் சரியாக நின்றது. டிரைவர் பழனிசாமி தலையை வெளியே நீட்டினான். காலியாகக் கிடந்த மனையைப் பார்த்தான், அடுக்கைப் பார்த்தான், புழுதி அப்பிய இருவரையும் பார்த்தான். முகமெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"ராஜமாணிக்கம்ணே! பக்கத்துல கராச்சர்மாவுல வாங்கின மனைக்கு வீட்டைக் கொண்டுபோகணும், பிரிச்சுக் குடுக்க ஒரு ஆளும் சிக்கலைன்னு நேத்து வரைக்கும் புலம்பினீங்களே, இவ்வளவு சுத்தமா வேலை செய்யற இந்த ரெண்டு பேரை எங்கண்ணே பிடிச்சீங்க?"