முன்வரிசையில் ராகவன் சார்

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று சொல்கிறவர்கள், சித்திரை மாதத்து மத்தியானத்தில் ஜன்னலுக்கெல்லாம் மெத்தையை முட்டுக்கொடுத்துவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்து பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். வெளியே திருச்செங்கோட்டு வெயிலில் தார் ரோடு இளகிக்கொண்டிருந்தது. உள்ளே எனக்குக் கை மயிர் குத்திட்டு நின்றது.

அந்த அறைக்குள் நான் ஏன் போய் உட்கார்ந்தேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

நான் ஒரு தனியார் பள்ளியில் பாட்டு டீச்சர். பிள்ளைகள் முன்னால் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பாடுவேன். ஆனால் பெரியவர்கள் நாலு பேர் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டால் தொண்டை பூட்டிக்கொள்ளும். (பெண் பார்க்க வந்தபோது பாடச் சொன்னார்கள். விக்கல்தான் வந்தது. அதற்கும் அவர்கள் தலையாட்டினார்கள்.) அதனால்தான், கம்ப்யூட்டருக்குள் ஓர் உலகம் இருக்கிறது, அங்கே பொம்மை உருவத்தில் போய்ப் பாடலாம் என்று ஒரு தோழி சொன்னதும் எனக்கென்றே செய்தது போலத் தோன்றியது.

அது ஒரு விளையாட்டு மாதிரி; ஆனால் யாரும் யாரையும் சுடுவதில்லை. ஏரி உண்டு, வீதி உண்டு, ஏரிக்கரையில் ஒரு பாட்டுச் சபை உண்டு. எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஆளுக்கொரு பொம்மையாக வந்து அதில் உட்காருவார்கள். தமிழர்களும் உண்டு, தமிழே தெரியாத வெள்ளைக்காரர்களும் உண்டு. என் பொம்மை மேடையில் நிற்கும். நான் என் வீட்டு மைக்கில் பாடுவது அங்கே கேட்கும். என் பொம்மைக்கு இடுப்பு இருந்தது. (எனக்கும் ஒரு காலத்தில் இருந்ததற்குக் கல்யாண ஆல்பத்தில் ஆதாரம் இருக்கிறது.)

அந்தச் சபையைக் கட்டியவர் ராகவன் சார். நான் அவ்வப்போது ஒரு பாட்டு, இரண்டு பாட்டு பாடும்போதெல்லாம் முன்வரிசையின் நடு நாற்காலியில் அவருடைய பொம்மை உட்கார்ந்திருக்கும். அடர்ந்த சுருட்டை முடி, வெள்ளை வேட்டி, தலைக்கு மேலே எழுத்தில் அவர் பெயர். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஒரு நாள், சபையை நடத்துகிற நீலா என்ற பெண்ணிடமிருந்து தகவல் வந்தது. ராகவன் சார் தவறிவிட்டார். நெஞ்சு வலியாம். அவருக்கு அஞ்சலிக் கச்சேரி. நீங்கள்தான் பாட வேண்டும், முழுக் கச்சேரியும்.

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

அதுவரை நான் செல்போன் ஹெட்செட்டில் பாடிக்கொண்டிருந்தேன். அஞ்சலிக்கு அது மரியாதையாக இருக்காது என்று நல்ல மைக், அதைத் தாங்க ஒரு ஸ்டாண்ட், மைக்கையும் சுருதிப் பெட்டியையும் கலந்து லேப்டாப்புக்கு அனுப்ப ஒரு சின்ன மிக்சர் என்று வாங்கிவிட்டேன். பார்சல் வந்த அன்று என் மாமியார், "மிச்சர் வாங்குனேன்னியே சாமி, ஒரு கை குடு" என்று கையை நீட்டினார். பெட்டியைத் திறந்து காட்டினேன். அவர் முகத்தில் அப்போது விழுந்த அவநம்பிக்கை பிறகு போகவேயில்லை.

ஒயர் போடும் வேலையை என் கணவர் எடுத்துக்கொண்டார். அவர் போர்வெல் ரிக் லாரிகளுக்குக் கம்ப்ரசர் மெக்கானிக். சத்தமும் அவருக்குக் காற்று மாதிரிதான். "இங்கிருந்து கெளம்புது, இங்க போவுது, நடுவுல லீக் இருக்கப்படாது. அவ்வளவுதானே?" என்று எல்லா முனைகளையும் ஸ்பேனர் பிடிக்கும் வலுவோடு இறுக்கினார்.

லீக் இல்லை. ஆனால் வேறொன்று இருந்தது. ஹெட்போனை மாட்டி, எதையும் பாடாமல் சும்மா கேட்டபோது, உள்ளே யாரோ முனகிக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு, மூச்சே விடாமல், அடிக்குரலில் நீளமாக ஒரே ஸ்வரம்.

"ஏனுங்க, இதுக்குள்ள யாரோ இருக்கறாங்க."

அவர் வாங்கிக் கேட்டார். "எர்த்து சரியில்ல அம்மிணி" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் எர்த் குழியில் உப்பைப் போட்டு ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். முனகல் குறைந்தது. அடியோடு போகவில்லை. பாடினால் மறைந்துவிடும், பாட்டை நிறுத்தினால் எட்டிப் பார்க்கும். கடைசியில் நான் என் சுருதியை அதற்குச் சரியாக இறக்கி வைத்துக்கொண்டேன். உள்ளே இருப்பது யாராக இருந்தாலும் ஒத்துப்போவது நல்லது என்று பட்டது.

பக்கத்து ஷெட்டில் லாரி எஞ்சினை முறுக்கிப் பார்ப்பார்கள் என்பதால்தான் ஜன்னலுக்கு மெத்தை. அறையில் சத்தம் செத்தது. என் எச்சிலை நான் விழுங்குவது எனக்கே பெரிதாகக் கேட்டது.

நீலா முன்கூட்டியே ஒரு விஷயம் எழுதியிருந்தாள். நீங்கள் பாடுவது எங்களுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்துத்தான் வந்து சேரும். அதனால் சபையின் சத்தத்தை உங்கள் பக்கம் மூடி வையுங்கள். திறந்தால் உங்கள் குரலே உங்களைத் துரத்தும்.

மூடி வைத்தேன். பார்வையாளர்கள் எழுதும் செய்திகள் ஓடுகிற கட்டத்தையும் பதற்றம் வேண்டாமென்று மூடினேன். பாட ஆரம்பித்தேன்.

சபை நிறைந்திருந்தது. எல்லாப் பொம்மைகளும் வெள்ளை உடையில். மேடை ஓரத்தில் ராகவன் சாரின் நிஜப் புகைப்படம், மாலையோடு. அப்போதுதான் அவர் முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். பளபளவென்று வழுக்கை. முன்வரிசையில் அவருடைய நாற்காலியை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள்.

முதல் பாட்டை முடித்தேன். ஒருவரும் அசையவில்லை. அத்தனை பேரும் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு அவர்களைப் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று அறிவுக்குத் தெரிகிறது. ஆனால் வயிற்றுக்குத் தெரியவில்லை. நான் குனிந்து தண்ணீர் குடிக்கும்போது, எல்லோரும் ஒரே சமயத்தில் கைகளைத் தூக்கிச் சத்தமில்லாமல் தட்டினார்கள்.

இரண்டாவது பாட்டின் நடுவில்தான் அது நடந்தது.

காலி நாற்காலியில் புகை மாதிரி ஏதோ திரண்டது. புகை ஆளாயிற்று. சாம்பல் நிறம், முகம் இல்லை. கண் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. பிறகு வேட்டி வந்தது. கை வந்தது. சுருட்டை முடி வந்தது. கடைசியாகக் கண்கள் வந்து, நேராக என்னைப் பார்த்தன. தலைக்கு மேலே பெயர் தெளிந்தது.

ராகவன்.

என் குரல் எந்த ஸ்வரத்தில் நின்றதோ எனக்குத் தெரியாது. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். மைக்கை அடைக்கிற பொத்தானை அமுக்கினேன். (அமுக்கியது அதற்குப் பக்கத்துப் பொத்தானை. நின்றது சுருதி. மைக் முழுக் காதோடு திறந்திருந்தது. இதை அறியாத ஒரே ஜீவன் நான்.)

"ஏனுங்க! ஓடியாங்க! செத்துப்போன ஆளு வந்து உக்காந்திருக்கறாரு!"

கணவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். திரையைக் குனிந்து பார்த்தார். புகைப்படத்தைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார்.

"இவுரா? செத்தவருக்குத்தான் மண்டைல ஒரு முடி இல்லியே. இதுக்குக் காடாட்டம் இருக்குது."

"அவரு பொம்மைங்க அது! அவரு இல்லாம அது எப்புடிங்க வரும்?"

"அதுக்கு நீ ஏன் அழுவற? பேயி வந்து முன்வரிசைலயா உக்காரும்? ஓரமா நிக்கும்."

"என்னையவே பாக்கறாருங்க. நான் சுருதி எறங்கிப் பாடுனது புடிக்கலியாட்ட இருக்குது."

என் அழுகை கேட்டு மாமியார் வந்துவிட்டார். அவருக்கு யாரும் எதையும் விளக்கவில்லை, அவர் கேட்கவுமில்லை. நேராகச் சமையலறைக்குப் போய்க் கை நிறையக் கல்லுப்பும் மிளகாயும் எடுத்து வந்தார். என்னைச் சுற்றினார். மைக்கைச் சுற்றினார். லேப்டாப்பைச் சுற்றினார்.

"ஊருக் கண்ணு, ஒறவுக் கண்ணு, செத்த கண்ணு, சாவாத கண்ணு, அத்தனையும் அக்கட்டால போவோணும்... தூ! தூ! தூ!"

மூன்றும் மைக்குக்கு மிக அருகில்.

மனசு கொஞ்சம் அடங்கியது. மைக்கைத் திறப்பதாக நினைத்து அதே பொத்தானை மறுபடி அமுக்கினேன். கண்களை மூடிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஒரு வரி பாடியிருப்பேன். கண்களைத் திறந்தபோது முன்வரிசையில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பின்வரிசையிலும் பார்க்கவில்லை. சபையின் அத்தனை தலைகளும் மெதுவாக, ஒரே பக்கமாக, ராகவன் சாரின் நாற்காலியை நோக்கித் திரும்பியிருந்தன.

இவர்களுக்கும் தெரிகிறதா?

பாட்டை நிறுத்திவிட்டு, சபையின் சத்தத்தைத் திறந்தேன். ஹெட்போன் ஒயர் எறிந்த வேகத்தில் கழன்றிருந்ததால் சத்தம் லேப்டாப்பின் ஸ்பீக்கரிலேயே வந்தது. மூடிய அறையில், யாரும் வாய் திறக்காதபோது, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி என் கணவரின் குரல் கேட்டது.

"...பேயி வந்து முன்வரிசைலயா உக்காரும்?..."

கணவர் என் பக்கத்தில் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றிருந்தார். தன் குரலைக் கேட்டு அவரே ஓரடி பின்னால் போனார். அடுத்து என் அழுகை வந்தது. அடுத்து மாமியார். தூ. தூ. தூ.

எனக்குப் புரிவதற்குள் காரியம் கைமீறிவிட்டது. ஸ்பீக்கரில் வந்ததை மைக் மறுபடி வாங்கிச் சபைக்கு அனுப்பியது. ஒரு நிமிடத்தில் அது இன்னும் மெலிந்து, இன்னும் தூரத்திலிருந்து திரும்பி வந்தது. ஓரமா நிக்கும்... செத்த கண்ணு... தூ... தூ... எதை அமுக்கினால் நிற்கும் என்று எனக்கு மறந்துபோயிற்று. நாங்கள் மூவரும் எங்களையே கேட்டுக்கொண்டு உறைந்து நின்றோம். கடைசியில் கணவர் மைக் ஒயரை ஒரே இழுப்பில் பிடுங்கினார்.

ஏற்கெனவே போயிருந்த சத்தமெல்லாம் ஒரு நிமிடத்தில் வந்து தீர்ந்தது. பிறகு ஸ்பீக்கரில் ஒரு வயதான பெண்ணின் குரல்.

"சாமி, பயந்துக்காதீங்க. அவுரு இல்லீங்க. நாந்தான், அவுரு ஊட்டுக்காரி."

அந்த அம்மாவின் பெயர் விசாலாட்சி. பிறந்த ஊர் சங்ககிரிப் பக்கம். இப்போது ஆஸ்திரேலியாவில் மகள் வீட்டில் இருக்கிறார். அவருக்கென்று தனியாகப் பொம்மை கிடையாது. கணவருடைய கம்ப்யூட்டரைத் திறந்து அவர் பெயரிலேயே வந்திருக்கிறார். (யாருடைய பொம்மையும் முழுதாக வந்து இறங்கும்வரை புகையாகத்தான் தெரியுமாம்; இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.)

"நானு எங்கயும் நடத்திக் கூட்டியாரலீங்க. தொறந்தேன், அதுவே அந்தச் சேர்ல உக்காந்திருந்துச்சு. கடைசியா அவுரு அங்கிருந்துதான் எந்திரிச்சுப் போயிருக்கறாரு."

மாமியார் கையில் இருந்த உப்பைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.

நான் ஹெட்போனையும் மைக்கையும் மாட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டேன். அழுகையில் பாதி வார்த்தை விழுங்கிப்போயிற்று. ஒரு நிமிடம் கழித்து அது போய்ச் சேர்ந்ததும் அந்த அம்மா சிரித்தார்.

"முடி விசியம் உன்ற ஊட்டுக்காரரு சொன்னது நெசந்தானுங். அந்த முடிய எடுக்கச் சொல்லி நானுந்தான் எத்தன சண்ட போட்டேன். கேட்டாத்தானே? நீ பாடு கண்ணு."

பாடினேன். விக்கல் வந்தது. இருந்தும் கடைசி வரை பாடினேன்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஆனால் சபையில் தமிழ் தெரியாதவர்கள் பாதிப் பேர். இடையில் ஒரு பெரியம்மா மந்திரம் சொல்லி மூன்று முறை ஊதியது எங்கள் பக்கத்து அஞ்சலிச் சடங்கு என்று அவர்கள் முடிவு செய்துகொண்டார்கள். உருக்கமாக இருந்ததாம். தமிழ் தெரிந்த யாரும் அதைத் திருத்தவில்லை; நீலாவும் திருத்தவில்லை. விசாலாட்சி அம்மா ஒருபடி மேலே போய், ஆமாம், ரொம்பப் பழைய வழக்கம் என்று சத்தியம் செய்திருக்கிறார்.

இன்றைக்கும் அந்தச் சபையில் யார் மேடையேறினாலும், வயலின் வாசிக்கிற ஐரோப்பியராக இருந்தாலும் சரி, முதல் ஸ்வரத்துக்கு முன்னால் பொம்மைகள் எல்லாம் எழுந்து நின்று ஒன்றாக எழுதுகின்றன: தூ தூ தூ.

ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் மாமியார் என்னைக் கூப்பிட்டு லேப்டாப்பைத் திறக்கச் சொல்வார். திரையில் அந்த எழுத்து வரிசை வரிசையாக ஏறுவதைக் காட்டுவார்.

"இவ பாட்டு டீச்சருங்க. பத்து வருசமாப் பாடறா. ஆனா அங்க எல்லாரும் சொல்றது நாஞ் சொன்னதத்தான்."