பூவரச நிழல் விழுந்த கட்டம்

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பைப் படம் போட்டு விளக்குகிற ஆள் நான். நாலடுக்குக் கோபுரம், மக்கள்-பூமி-லாபம் என்று மூன்று வட்டம், எல்லாம் அத்துப்படி. வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று பார்க்கத்தான் தெரியாது.

அப்போது காரைக்கால் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தற்காலிக வேலை. வேலை நிரந்தரமானால்தான் கல்யாணத் தேதி என்று கோவில்பத்துப் பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். (நியாயம்தான். நானாக இருந்தால் எனக்குப் பெண்ணே கொடுத்திருக்க மாட்டேன்.)

பக்கத்து மீனவர் கிராமமான கிளிஞ்சல்மேட்டுக்கு ஏதாவது செய்யக் கம்பெனி நினைத்தது. என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். நான் கேட்பேனா? மீன் ஏலத் திடலில் சுண்ணாம்பால் நாலு கட்டம் போட்டேன். யாருக்கு அதிகாரம் எவ்வளவு, அக்கறை எவ்வளவு என்று கட்டத்துக்கு ஒரு பலகை. அவரவர் தமக்கான கட்டத்தில் போய் நிற்க வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

உச்சி வெயில். மொத்த ஊரும் ஒரே கட்டத்தில் போய் நின்றது.

"ஏங்க, எல்லாரும் ஒரே எடத்துல நின்னா எப்படிங்க?"

"மத்ததுல வெயிலு கொளுத்துது தம்பி. நீ வேணா போயி நில்லு" என்றார் மீன் விற்கும் அக்கா ஒருவர்.

பூவரச மர நிழல் அந்த ஒரு கட்டத்தில்தான் விழுந்திருந்தது. அதற்கான பலகையை மரத்திலேயே மாட்டியிருந்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் மேனேஜர் காரிலிருந்து இறங்கினார். வழுக்கைத் தலை, நேரே நிழலுக்கு நடந்தார். ஊரே ஒதுங்கி மரத்தடியில் இடம் விட்டது.

"சிரிங்க சார்" என்றேன். சிரித்தார். எடுத்த கையோடு படத்தைக் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வேகத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அவர் தலைக்கு மேலே பலகை பளிச்சென்று தெரிந்தது: 'அதிகாரம் அதிகம், அக்கறை இல்லை'.

தலைமை அலுவலகத்திலிருந்து யாரோ கைதட்டல் பொம்மை போட்டார்கள். அதன் பிறகுதான் நானே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் கிடப்பில் கிடந்தது. பெண் வீட்டில் என் அப்பா என்ன சொல்லிச் சமாளித்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊர்க்காரர்கள் மட்டும் மேனேஜரிடம் நேரே போய் ஐஸ் பெட்டிகள் கேட்டு வாங்கிவிட்டார்கள். அந்தப் படத்துக்குப் பிறகு பாவம், அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

ஒருவழியாகக் கல்யாணம் நடந்தது. மேனேஜரும் வந்தார். போட்டோவுக்கு மேடையேறியவர், கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பின்னால் பூவில் எழுதியிருந்த எங்கள் பெயர்களை எழுத்தெழுத்தாகப் படித்து முடித்த பிறகுதான் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். மணமேடை என்றும் பாராமல் என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

இன்றும் வீட்டில் யாராவது படம் எடுக்கப் போனைத் தூக்கினால் அவள் விடுவதில்லை.

"இருங்க, மொதல்ல எல்லாரும் பின்னாடி பாத்துக்குங்க."