உன் வீரனின் மூச்சுப்பிடிப்பு

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் தையல் மெஷினும் சுகம். மூவரில் குறைவாகச் சத்தம் போடுவது மெஷின்தான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்தாமல் படி. பள்ளிக்கூடம் என்னிடமிருந்து ஐந்தாம் வகுப்பிலேயே தப்பித்துவிட்டது உனக்குத் தெரிந்ததுதானே.

வேலைக்கென்று வெளியூர் கிளம்பியபோது பெட்டிச் சாவியைக்கூட என்னிடம் தராத நீ, கதை சொல்லிப் பகடை உருட்டி ஆடும் அந்த விளையாட்டில் தாளில் எழுதி வளர்த்த வீரனை மட்டும் ஒப்படைத்தாய். "எனக்கு அவன் புள்ள மாதிரிக்கா. நான் வர்ற வரைக்கும் சாகாம பாத்துக்கோ, போதும்" என்றாய். பகடையை உருட்டினால் ஆயிற்று என்று நானும் தலையாட்டினேன். இப்போது அவன் இருக்கிறானா, போய்விட்டானா என்று எனக்கே விளங்கவில்லை. பதறாதே, முழுதும் படி.

உன் வீரன் போன வாரம் ஒரு படி மேலே ஏறினான். அவனுக்குப் புது வித்தை வந்திருக்கிறது என்று, கதை சொல்லி ஆட்டத்தை நடத்துகிற ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு தாளைக் கொண்டுவந்தார். ஞாயிறு மதியம் என் துணி வெட்டும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். "குகைக்குள்ள பூதம் நிக்குதுக்கா. மூச்சுப்பிடி போட்டாத்தான் உங்க வீரன் பொழைப்பான்" என்றார். எனக்குத் தெரிந்த மூச்சுப்பிடிப்பு, குனிந்து குடத்தைத் தூக்கினால் விலாவில் வருவது. "அப்ப முதல்ல தைலம் தேய்க்கிறேன்" என்றேன். மந்திரவாதியாக ஆடும் வக்கீல் குமாஸ்தா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு தாளை எடுத்து வாசித்தார் பார்: மூச்சைப் பிடித்தால் அடி இரட்டிப்பாம், தோல் தடித்தவன் என்றால் அதில் பாதியாம் (உன் பிள்ளைக்கு உன் தோல்தானே, தடித்ததுதான் என்றேன்), அந்தப் பாதியை முன்பு பட்ட அடியில் கழிக்க வேண்டுமாம், மீதி வந்தால் அடுத்த முறைக்கு ஆகாதாம், ஆகாதது தூங்கி எழுந்தால் ஆகுமாம். "இதுக்கு அந்தப் பூதத்தையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்திடலாம்" என்றேன்.

கடைக்காரர் இரக்கப்பட்டார். "சரிக்கா, உங்களுக்காக ஒரு வீட்டு விதி வச்சுக்கலாம்."

"எங்க வீட்டு விதி உள்ள தூங்குது, எழுப்பாதீங்க."

அந்த விதி இல்லையாம். ஆடுகிறவர்கள் தங்கள் வசதிக்குப் புத்தகத்தைச் சுருக்கிக்கொள்ளும் சட்டமாம். அதன்படி கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. நான் நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பகடை உருட்ட வேண்டும். பிடித்திருக்கும்வரை வீரனுக்கு அடி படாது, விட்டால் பூதத்தின் முறை. இவ்வளவுதானா என்று கன்னத்தை உப்பிக்கொண்டேன். மூச்சைப் பிடித்தால் பேச முடியாது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

முதல் உருட்டிலேயே பூதம் ஆடிப்போயிற்று. அடுத்த உருட்டில் பகடை மேசையை விட்டுத் துள்ளி மெஷினுக்கு அடியில் ஓடியது. அந்த நேரம் பார்த்து உன் மாமா எழுந்து வந்து வாசற்படியில் நின்று, "என்னது, இவ வாய மூடிட்டு உக்காந்திருக்கா? டாக்டரக் கூப்பிடவா?" என்றார். நீயே சொல், சும்மா இருக்க முடியுமா? "கூப்பிடுங்க, முதல்ல உங்க கண்ணக் காட்டுங்க" என்று நான் முடிப்பதற்குள் பூதம் உலக்கையை உன் பிள்ளையின் மண்டையில் போட்டுவிட்டது.

"மூச்சு விட்டாச்சு. வீரன் காலி" என்றார் குமாஸ்தா.

"பகடை கிடைக்கிற வரைக்கும் நேரம் ஓடாதுங்க. அதோட அவங்க விட்டது மூச்சு இல்ல, பேச்சு" என்றார் கடைக்காரர்.

"பேச்சு மூச்சில்லாமக் கிடக்கிறது வீரன்தானய்யா!"

பகடை கிடைத்தது. நூல்கண்டில் சாய்ந்து, இரண்டு முகங்களுக்கு நடுவில் நின்றது. அதற்கும் குழப்பம் போலிருக்கிறது. கடைசியில், வரும் ஞாயிறு நான் மூச்சை விடாமல் இன்னொரு முறை உருட்டினால் அவன் பிழைப்பான், விட்டால் இல்லை என்று தீர்ப்பு. அதனால் வாரம் முழுக்க வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு பேசாமல் பழகுகிறேன். கை இறுக்கம் என்று சண்டைக்கு வந்த ஒருத்தி, என் மௌனத்தைப் பார்த்துப் பயந்து ரவிக்கையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். உன் மாமாவோ பாட்டுப் பாடிக்கொண்டு குளிக்கிறார். உன் பிள்ளைக்காக நான் வாயை மூடுகிறேன் என்றால் பாசத்தைப் பார்த்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு, நன்றாய் இரு, உன் வீரனுக்கும் சேர்த்து என் ஆசி.

இப்படிக்கு,
பேச்சையும் மூச்சையும் அடக்கும் உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது கடைக்காரர் ஓடிவந்தார். தாள் மாறிப்போச்சாம். மூச்சுப்பிடி வீரனுக்கு இல்லையாம், கதையில் இனிமேல் வரப்போகும் ஒரு நீர்யானைக்காம். அதனால் நடந்த சண்டை செல்லாது. உன் பிள்ளை குகை வாசலில் குத்துக்கல்லாய் நிற்கிறான். அவனுடைய நிஜ வித்தை வேறாம்: எதிரியைப் பார்த்து வாய் ஓயாமல் ஏசினால் எதிரி ஒடுங்கிப்போவானாம். "இதுக்கும் சுருக்கமா ஒரு வீட்டு விதி போடவாக்கா?" என்று கேட்டார். ஒன்றையும் சுருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை, பாவம், குளித்துக்கொண்டிருக்கிறார்.